கண்ணாடி பிடித்தவன்

கல்வெட்டைப் படம் எடுப்பது கல்யாணப் பெண்ணைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம். பெண்ணுக்கு நேரே விளக்கைப் போட்டால் முகம் மலர்ந்துவிடும். கல்லுக்கு நேரே வெளிச்சம் விழுந்தாலோ எழுத்தெல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொள்ளும். பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழவேண்டும். அதற்காக விமலநாதன் வீட்டு அலுமாரிக் கதவிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார். தலை வாரக் கண்ணாடி இல்லையென்று மனைவி லீலாதேவி ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

மனுஷன் ஒரு காலத்தில் கண்டி டவுனில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அது எரிந்தது. நெகட்டிவ் பெட்டிகளை இழுத்தெடுக்கப் போனதில் வலது சுட்டுவிரல் பொசுங்கி, நகமில்லாமல் வளைந்துபோனதுதான் மிச்சம். இது நான் எடுத்த படம் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூடத் தேறவில்லை. அதற்குப் பிறகு அடுத்தவர் கடைகளில் அடையாள அட்டைப் படம் எடுத்தே காலத்தை ஓட்டினார்.

ஆகவே, இரண்டாயிரத்து ஏழில் தொல்பொருள் ஆராய்ச்சி செய்யும் சிங்களவரான கலாநிதி வீரக்கோன் கூப்பிட்டதும் விழுந்தடித்துக்கொண்டு போனார். கண்டியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகள், சிலைகள், செப்புப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் டிஜிட்டல் கமெராவில் எடுத்துக் கம்பியூட்டரில் சேர்ப்பது, பிறகு ஆராய்ச்சிக்காரருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சீடியாகக் கொடுப்பது: இதுதான் வேலை.

"ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் உங்கள் பெயர் வரும், விமல்" என்றார் வீரக்கோன். "இது எரிகிற சாமான் இல்லை."

அந்த ஒரு வார்த்தைக்காக விமலநாதன் வெயில் மழை பாராமல் மலையேறினார். வீட்டுக்கு வந்து மகள் சீதாவிடம், "ஒருநாள் உன்ர பள்ளிக்கூடத்திலயே அப்பா எடுத்த படம் பார்ப்பாய்" என்று பீற்றிக்கொண்டார். பீற்றினால் என்ன? மனுஷனுக்கு வேறு எதைப் பற்றிப் பீற்றக் கிடைத்தது?

வத்தேகமப் பக்கம் ஒரு பாறைக் கல்வெட்டு. வீரக்கோன் கீழே விகாரையில் பிக்குவோடு பேசிக்கொண்டிருந்தார். விமலநாதன் மேலே தனியாக நின்றார். கமெராவை ஸ்டாண்டில் பூட்டி, தானாகப் படம் எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய், இடது கையால் கண்ணாடியைச் சாய்த்து வெயிலைப் பாறையில் விழுத்தினார். வலது கையால் கல்லின் அளவு தெரிவதற்கான அடிமட்டத்தைப் பிடித்தார். அன்றைக்கு வெயில் நல்ல வெயில். ஆயிரம் வருஷத்து எழுத்து நேற்று வெட்டியதுபோல் எழும்பி வந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். அவர் திடுக்கிட்டு அசைய, கமெராவும் 'கிளிக்' என்றது.

வந்தது ஊர்க்காவல் படை. யுத்தம் நடக்கிற நேரத்தில் மலையில் நின்று ஒரு தமிழன் கண்ணாடியால் சிக்னல் காட்டுகிறான் என்று ஊரில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்மலையில் ஆமி முகாம் இருப்பது விமலநாதனுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. கல்லையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் நாட்டைப் பார்க்க மறந்துவிட்டார்.

பொலிஸ் ஸ்டேஷனில் கமெராவையும் அவர் பையையும் மேசையில் கொட்டினார்கள். பையில் விகாரைகளின் படங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. வாசல், பின்வாசல், சுவரின் உயரம், எந்த இடம் என்ற விபரம், ஒன்றும் குறைவில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டியதெல்லாம் குண்டு வைப்பவனுக்கும் வேண்டியதுதான் என்பது அவருக்கு அங்கேதான் விளங்கியது.

"இதெல்லாம் யார் எடுத்தது?" என்று பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

நான்தான் என்று சொல்ல விமலநாதன் வாயெடுத்தார். அதற்குள் வீரக்கோன் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"எல்லாம் நான் எடுத்த படங்கள். இவர் ஸ்டாண்ட் தூக்குகிற ஆள். கண்ணாடியைப் பிடிக்கச் சொன்னதும் நான்தான்."

பொறுப்பதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே வாக்குமூலம் எழுதினார்கள். விமலநாதன், தொழிலாளி. விமலநாதனுக்குக் கமெரா வேலை தெரியாது. அவர் அதை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். கமெராவையும் படங்களையும் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் வீரக்கோனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு அவர் உள்ளே போயிருந்தால் எப்போது வெளியே வந்திருப்பார், வந்தேதான் இருப்பாரா, யாருக்குத் தெரியும்?

வீரக்கோனைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை லேசாக முடிந்துவிடும். அவர் கெட்டவரில்லை. அதுதான் எரிச்சல்.

சீடி தயாரானபோது படங்களுக்குக் கீழே வீரக்கோனின் பெயர் இருந்தது. விமலநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வாக்குமூலம் பொலிஸில் கிடக்கிறது, விமல்" என்று வீரக்கோன் தாழ்ந்த குரலில் சொன்னார். "உங்கள் பெயரைப் போட்டால், அன்றைக்குச் சொன்னது பொய்யா என்று கேட்பார்கள். நான் எப்படியாவது தப்பிவிடுவேன். நீங்கள்?"

அது உண்மை. பொய்யென்றால் சண்டை போடலாம், உண்மையோடு எப்படிச் சண்டை போடுவது?

வெளியீட்டு விழாவில் விமலநாதன் கடைசி வரிசையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கல்லைப் பேசவைத்த வித்தையை வீரக்கோன் மேடையில் விளக்கினார். முதலில் கொஞ்சம் தடுமாறினார். சபை கைதட்டத் தட்டத் தடுமாற்றம் போய்விட்டது. கடைசியில், வெயிலில் ஸ்டாண்ட் சுமந்த விமலுக்கும் நன்றி என்றார். சபை அதற்கும் தட்டியது. தன் கையும் சேர்ந்து தட்டுவதை விமலநாதன் பார்த்தார். அந்தக் கையை வெட்டிப் போடலாம்போல் இருந்தது.

ஒரு மாதம் கழித்துச் சீதா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். வகுப்பில் சீடியைப் போட்டிருக்கிறார்கள். என்ர அப்பா எடுத்த படம் என்று இவள் எழும்பிச் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் பெயரை வாசித்துக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது.

"பெயரை மாத்திப் போட்டிட்டினம் எண்டு நான் சண்டை பிடிச்சன், அப்பா" என்று ரீச்சரிடம் கேட்டு வாங்கிவந்த சீடி உறையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "பிறகு பார்த்தால் இஞ்ச, இந்த மூலையில. இது உங்கட விரல்தானே?"

உறையில் அந்த வத்தேகமப் படம். எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். மூலையில், அடிமட்டத்தைப் பிடித்தபடி நகமில்லாத வளைந்த விரல் தெரிந்தது.

"ஓம்" என்றார்.

"உங்கட கை படத்துக்குள்ள இருக்கெண்டால், கமெராவில வேற ஆள்தானே நிண்டிருக்கோணும்? சொல்லுங்கோ அப்பா. ஆர் எடுத்தது? நாளைக்கு நான் போய் ரீச்சரிட்டச் சொல்லோணும்."

ரீச்சரின் புருஷன் பொலிஸில் இருந்தார். குசினியில் லீலாதேவி சமைக்கிற சத்தம் நின்றது. அவளுக்கு எல்லாம் தெரியும். வாசலுக்கு வந்து கணவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

கமெரா தானாக எடுக்கும் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? விமலநாதன் உறையைத் திருப்பி மகளின் கையில் கொடுத்தார்.

"அந்த வீரக்கோன் சேர்தான் எடுத்தவர். நான் ஸ்டாண்ட் தூக்கினனான்."

சீதா அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் எனக்குச் சொன்னது?"

"பொய், பிள்ளை."