பன்னிரண்டாம் இலக்கத்தின் பசி

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. ஒரு படிவத்தில் பிறந்தது. போன செவ்வாய்க்கிழமை வாகினி அதைக் கொண்டுவந்து தந்தாள். வாகினி என் மனைவி பஸ்லாவின் ஆராய்ச்சி மாணவி. பஸ்லா பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் செய்தவள். போன வருடம் நோயில் மௌத்தானாள்.

கதையின் நாயகன் நுஹ்மான், உக்குவளை மிளகு வியாபாரி. நான்தான். ஆனாலும் ‘அவர்’ என்று எழுதினால் பொய் சொல்ல வசதி. [ஒரு பொய்யைப் பற்றிய கதை என்பதால் இதை முதலே சொல்லிவிடுகிறேன்.]

2

முதல் தொடக்கம்: ரிவர்ஸ்டன் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலை...

வேண்டாம். பனி இறங்காத நாளும் உண்டு. அன்றும் நுஹ்மான் வடை சாப்பிட்டார்.

இரண்டாவது தொடக்கம், பஸ்லாவின் வாயால்:

"குடலுக்குள்ள பற்றீரியா சும்மா வந்துட்டுப் போறதில்ல. கலத்துக்கு மேல வாங்கின்னு ஒன்னு இருக்கு, கொளுக்கி மாதிரி. அதுல போய் ஒட்டிக்கும். நல்லா ஒட்டினா மூளைக்கு ‘போதும்’னு சேதி போகும், பசி அடங்கும். அந்த ஒட்டுறதத்தான் நான் தேடுறேன்."

"நான் உங்கிட்ட ஒட்டின மாதிரியா?"

"உங்களுக்குத்தான் ‘போதும்’னு சேதியே போறதில்லையே!"

இதையே தொடக்கமாக வைத்துக்கொள்கிறேன்.

3

நோன்பு மாதத்தில் பசி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க, சொந்தத்துக்குள்ளேயே பன்னிரண்டு பேரைப் பிடித்தாள் பஸ்லா. ஆளுக்கொரு கொப்பி: தினமும் பின்னேரம் நாலு மணிக்குப் பசி பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். ஆளுக்கொரு மூடி போட்ட சின்னக் குவளை: அதில் காலைக்கடனில் கொஞ்சம்.* கொப்பியிலும் குவளையிலும் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்; யார் எந்த இலக்கம் என்ற பட்டியல் பஸ்லாவிடமும் வாகினியிடமும் இருந்தது.

* நுஹ்மானின் அக்கா, றம்லா ராத்தா, குவளைக்குள் இனிப்பு வட்டிலப்பத்தை நிரப்பித் திருப்பித் தந்தார்.

"என்ன மதினி இது?"

"வெறும் ஏனத்த எப்படிப் புள்ள திருப்பித் தாற? நம்ம வீட்டுல வழக்கமில்லயே."

"நான் கேட்டது வேற மதினி!"

"அத மனுசருக்குக் குடுப்பாங்களா?"

வட்டிலப்பத்தை நாங்கள் சாப்பிட்டோம். நோன்பு திறந்த பிறகுதான்.

4

நுஹ்மான் பன்னிரண்டாம் இலக்கம்.

மிளகு வாங்க அவர் றத்தோட்டை தாண்டிப் போகும் வழியில் முத்துவீரனின் தேத்தண்ணிக் கடை. நோன்பு மாதத்தில் கடை வாசலில் ஒரு பழைய சேலை தொங்கும். சேலைக்குப் பின்னால், பதினொரு மணிக்கு, இரண்டு பருப்பு வடை.

"மொதலாளி, நோன்புதானே?"

"பயணத்துல சலுகை இருக்கு முத்துவீரன்."

"எட்டு மைல்தானே மொதலாளி! என் மாடு தெனம் போற பயணம்."

கொப்பியில் நுஹ்மான் எழுதினார்: பசி 2. மறுநாளும் 2. மாதம் முழுக்க 2.

(ஏன் அப்படிச் செய்தார் என்று இங்கே ஒரு நீண்ட பந்தி இருந்தது. அடித்துவிட்டேன். பசித்தது, சாப்பிட்டார், வெட்கமாக இருந்தது, மறைத்தார்.)

5

முடிவுகள் வந்த அன்று பஸ்லா தேத்தண்ணி ஆறுவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"பன்னிரண்டாம் ஆளுக்குத்தான் ஒட்டுற பற்றீரியா எல்லாரையும் விடக் கூட. பசியும் எல்லாரையும் விடக் குறைவு. நான் சொன்னது சரி! சரிங்க!"

நுஹ்மான் வாயைத் திறந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும்

[வாக்கியம் இத்தோடு நிற்கட்டும். அவரும் அத்தோடுதான் நின்றார்.]

பிறகு அவளுக்கு நோய் வந்தது. அதற்குப் பிறகு, சொல்ல நேரம் வரவில்லை.

6

வாகினி தந்த படிவத்தில் ஒரே ஒரு வரி: கொப்பியில் எழுதியவை உண்மை. கீழே கையொப்பத்துக்கு ஒரு கட்டம்.

"மத்தப் பதினொரு பேரும் சைன் வச்சிட்டாங்க அங்கிள். மிச்சம் நீங்கதான். நீங்களும் வச்சா, மேடத்தோட பேர மொதல்ல போட்டுக் கட்டுரை வெளிவரும். பன்னிரண்டாம் இலக்கம் இல்லாட்டி ஒன்னும் சொல்ல ஏலாது."

முடிவு ஒன்று: நுஹ்மான் கையொப்பமிடுகிறார். பஸ்லாவின் பெயர் அச்சில் வருகிறது, இரண்டு வடையின் மேல் நின்றுகொண்டு.

முடிவு இரண்டு: மறுக்கிறார். ஏழு வருட உழைப்பு அலுமாரிக்குள் போகிறது.

முடிவு மூன்று: பஸ்லாவுக்கு முதலே தெரியும். அந்த மாதத்தில் ஒரு நாள், என் சட்டையைக் கழுவப் போட்டவள், பையிலிருந்த, வடை சுற்றிய எண்ணெய்க் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இது கற்பனையல்ல. தெரிந்துகொண்டே பன்னிரண்டை வைத்திருந்தாள் என்றால், எனக்காக அவள் பொய் சொல்லியிருக்கிறாள். தெரியாது என்றால், அவளை நான் ஏமாற்றியிருக்கிறேன். இரண்டில் எந்தப் பஸ்லாவை நான் வைத்துக்கொள்வது?

[‘அவர்’ எங்கே என்று கேட்காதீர்கள். இந்தப் பந்தியில் அவரால் நிற்க முடியவில்லை.]

7

இப்போது பின்னேரம் நாலு மணி. பசி 2. இன்று வடை இல்லை. அவள் போனதிலிருந்து இதே இலக்கம்தான். எழுதத்தான் கொப்பி இல்லை.

படிவத்தில் நான் கையொப்பம் வைக்கவில்லை. அதற்காக வெறும் ஏனத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. இந்தக் கதைத் தாள்களைப் படிவத்துக்குள் மடித்து வைக்கிறேன்.

வாகினி, இதன் முதல் வாசகி நீதான். பன்னிரண்டை வைப்பதா அடிப்பதா என்று நீயே முடிவு செய். பேனாவும் உள்ளே இருக்கிறது.