கத்திரிக்காய்ப் பேய் கோன்பே

தோமோயோ இனாபாவுக்கு வேலையே மன்னிப்புக் கேட்பதுதான். ஒசாகாவில் ரைஸ் குக்கர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காலை முதல் மாலை வரை முகம் தெரியாதவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். சோறு குழைந்தாலும் அவள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், வேகாவிட்டாலும் அவள்தான். கேட்கும்போது போனைப் பார்த்தே இடுப்பு வளையக் குனிவாள். எதிரே ஆள் இல்லையே என்று அங்கே யாரும் சிரிப்பதில்லை. குனியாமல் கேட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

விற்பனைப் பிரிவு குவாதா மட்டும் சிரிப்பார். அந்த அறைக்கு ‘மன்னிப்புக் கடை’ என்று பேர் சூட்டிய புண்ணியவான் அவர்தான். வாய் கொஞ்சம் நீளம். மற்றபடி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது.

இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு விளையாட்டு. கையடக்கக் கருவியில் ஆடும் ‘நரகம் பிரைவேட் லிமிடெட்’. நரகம் நஷ்டத்தில் ஓடும் ஒரு கம்பெனி. பேய்களை வேலைக்கு எடுத்து, வளர்த்து, கட்டம் போட்ட களத்தில் முறை வைத்து மாறி மாறிச் சண்டை போட வைக்க வேண்டும். அதில் எல்லோருக்கும் முதலில் இலவசமாகக் கிடைப்பது ஒரு கத்திரிக்காய்ப் பேய். அதற்கு அடிக்கத் தெரியாது. அடி வாங்கும், எழுந்து நிற்கும், குனிந்து மன்னிப்புக் கேட்கும். அத்தோடு அதன் முறை முடிந்தது. மூளையுள்ள எவரும் முதல் சண்டை முடிந்த கையோடு அதை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

தோமோயோ அனுப்பவில்லை. கோன்பே என்று பேர் வைத்து மூன்று வருஷமாக வளர்த்தாள். எவனாவது போனில் கண்டபடி திட்டித் தீர்த்த நாட்களில், வீட்டுக்குப் போகும் ரயிலில் கருவியைத் திறப்பாள். உள்ளே கோன்பே அடி வாங்கிக்கொண்டு, தொப்பி கோணலாக, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அழுகை அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடும்.

அன்று மதியம் கேன்டீனில், ஊடோன் நூடுல்ஸ் கிண்ணத்தோடு பின்னால் வந்து நின்ற குவாதா அவளுடைய திரையை எட்டிப் பார்த்துவிட்டார்.

“இனாபா சான், இந்தக் கத்திரிக்காய இன்னுமா வேலையில வெச்சிருக்கீங்க? நானா இருந்தா அன்னிக்கே வறுத்துத் தின்னிருப்பேன்.”

“நல்லாத்தான் வேலை பாக்குறான்,” என்றாள்.

“பாப்பான், பாப்பான். உங்க கடைக்கு ஏத்த ஆளு.”

பக்கத்து நாற்காலி ஓகினோ, அவளோடு அதே அறையில் போன் எடுப்பவள், தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் தோமோயோவுக்குச் சுருக்கென்றது. தன்னைச் சொன்னால் போகட்டும், இந்தப் பெண்ணையும் சேர்த்தல்லவா சொல்கிறார்? மோதிப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டாள். குவாதா குஷியாகிவிட்டார். ஒருவருக்கு ஒரு பேய், தோற்றவர் தன் பேயை வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்றார். இந்த விளையாட்டில் அனுப்பிய பேய் திரும்பி வராது. ஓகினோ மேசைக்கடியில் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தோமோயோ சரி என்றாள்.

குவாதாவின் பேய் ராய்கோ. மலை மாதிரி உடம்பு. கிடைத்த பட்டம், கேடயம் எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றியிருந்தார்: தலையில் தங்கக் கொம்பு, முதுகில் பீரங்கி, அதற்கும் மேலே ஒரு கொடி. ஆசைக் குழந்தைக்கு நகை பூட்டுவது போல வருஷக்கணக்காகப் பூட்டியது.

முதல் அடியிலேயே கோன்பேயின் உயிர்க்கோடு பாதியாயிற்று. கோன்பே எழுந்தான், லேசாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். ராய்கோ கடுகளவு தலையை அசைத்தது. குவாதா அதைக் கவனிக்கவில்லை. தோமோயோ கவனித்தாள். ஒருநாள் ரயிலில் அவள் தற்செயலாகக் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. கத்திரிக்காயை வளர்க்க வளர்க்க அதன் வணக்கம் ஆழமாகும். வணங்கினால் பதிலுக்கு அதே அளவு வணங்காமல் இருக்க அந்த நரகத்துப் பேய்களால் முடியாது.

அவள் கோன்பேயை ஒரு கட்டம் பின்னுக்கு நகர்த்தினாள். ராய்கோ முன்னால் வந்தது. இன்னொரு கட்டம் பின்வாங்கினாள். அதுவும் வந்தது. கோபக்காரன் முன்னால் வந்துகொண்டேதான் இருப்பான், காலடியைப் பார்க்கமாட்டான். தினமும் காதால் கேட்டுக் கற்றது. களத்தின் ஓரம் வரை மரியாதையாகவே அழைத்துப்போய், கடைசிக் கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கினாள். ராய்கோ விளிம்பில் நின்று ஓர் அடி போட்டது. கோன்பேயின் உயிர்க்கோட்டில் நூலளவுதான் மிச்சம்.

கோன்பே எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். மூன்று வருஷத்து வணக்கத்தை, நெற்றி தரையில் பட, போட்டான்.

ராய்கோ பதில் வணக்கம் போட்டது. இடுப்பு வளைய, கொம்பு தாழ, முதுகுப் பீரங்கி தலைக்கு மேல் சரிய, கொடியோடு குப்புற விழுந்து களத்துக்கு வெளியே உருண்டுபோனது. பாதாளத்திலிருந்து “மன்னிக்கவும்” என்று மெல்லிய குரல் வந்தது.

கேன்டீனில் ஊடோன் உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது. தோமோயோவின் வாயில் பழக்கதோஷத்தில் ‘மன்னிக்...’ வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

“நான் ஜெயிச்சுட்டேன்,” என்றாள். சொல்லும்போது உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது.

குவாதா சொன்ன சொல் தவறவில்லை. பணிநீக்கப் பக்கத்தைத் திறந்தார். திரையில் ராய்கோ தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு, இத்தனை காலம் வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று சொல்லி நின்றது. குவாதாவின் கட்டைவிரல் பொத்தான்வரை போய் நின்றது. ஊடோன் ஆறிக்கொண்டிருந்தது.

தோமோயோ கையை நீட்டிப் பொத்தானை மறைத்தாள்.

“அவன அனுப்பாதீங்க, குவாதா சான். மரியாத தெரிஞ்சவன். கும்பிட்டா திருப்பிக் கும்பிடுறான்.” சற்று நிறுத்தினாள். “எங்க ரூம்ல நாங்க தினமும் குனியிறோம். நீங்க ஒருநாளாவது திருப்பிக் குனிஞ்சிருக்கீங்களா?”

குவாதா கருவியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். ரொம்பச் சொல்லிவிட்டோமோ என்று தோமோயோவுக்கு ஒரு கணம் தோன்றியது. இல்லை என்று ஓகினோவின் முகம் சொன்னது.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு கோபே நகரத்திலிருந்து. நேற்று வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த நேரம் பார்த்துச் சோறு கஞ்சியாகிவிட்டதாம். போனில் ஒரு பெரியவர் கத்தினார். தோமோயோ அவரை முழுக்கப் பேசவிட்டாள். பிறகு எழுந்து நின்று, நாற்காலியைத் தள்ளிவிட்டு, மனதார மன்னிப்புக் கேட்டு, நெற்றி மேசையில் படக் குனிந்தாள். அத்தனை அழகாக அவள் அதுவரை குனிந்ததில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கையில் கோப்புகளோடு போய்க்கொண்டிருந்த குவாதா அதைப் பார்த்தார். கால் நின்றது. தன்னையறியாமல் அவருடைய இடுப்பும் வளைந்தது. ஆழமாகத்தான் வளைந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன.

ஓகினோ தன் ஹெட்செட்டின் மைக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். தோமோயோ மட்டும் குரல் பிசகாமல், நாளைக்கே புதுக் குக்கர் அனுப்பிவைப்பதாகக் கோபே பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.