தேவமலர் பக்கம் பாய்ந்த தண்ணீர்

தேவமலர் கால் முறிந்து வீட்டில் இருந்த நாட்களில், கொக்குவில் ஊரின் ஒரு குழாய்வழியில் ஓடிய தண்ணீர் முழுவதும் அவருடைய வீட்டுக்கே போனது. சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் எதிர்ச்சுவரில் தொங்கிய கலண்டரை அடித்து விழுத்தியது. குளியலறை ஷவரின் தலை கழன்று பறந்து கூரையில் இரண்டு ஓடுகளை உடைத்தது. சுற்றியிருந்த நாற்பது வீடுகளில் வாளிகள் குழாய்க்குக் கீழே காய்ந்து கிடந்தன.

ஐம்பத்திரண்டு வயதுத் தேவமலர் அந்தப் பகுதியின் குடும்பநல மாது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்க ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறவர். அவர் போகிற வீட்டில் அந்த நேரம் தண்ணீர் பொங்கி வரும். பிறந்த பிள்ளையின் ராசி என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொள்வார்கள். பகலில் எங்கேயும் அவர் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை என்பதால் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வைகாசி மாதம் மருதனார்மடம் சந்தையில் தக்காளிப் பெட்டி ஒன்றில் இடறி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். அதன் பிறகுதான் பகல் முழுவதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டி வந்தது.

பக்கத்து வளவு அருளம்பலம் வெங்காயத் தோட்டம் செய்கிறவர், தண்ணீரின் அருமை தெரிந்தவர். தேவமலர் நிலத்துக்குக் கீழே மோட்டர் புதைத்து ஊர்த் தண்ணீரை உறிஞ்சுகிறார் என்று அவர் நீர் வழங்கல் சபைக்கு முறைப்பாடு எழுதினார். முப்பத்தொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். மோட்டர் அகப்பட்டால் இணைப்பு வெட்டப்படும், வழக்கும் வரும் என்று, முறைப்பாட்டின் பிரதியோடு தேவமலருக்குக் கடிதம் வந்தது. கையெழுத்து வைத்தவர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். அவர்களில் பத்தொன்பது பேரின் பிள்ளைகள் பிறந்தபோது எத்தனை கிலோ இருந்தார்கள் என்பது அவருக்கு நினைவிருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

சபையிலிருந்து விசாரிக்க வந்தவன் கெல்வின் என்ற இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தன். இரண்டு ஆட்களை வைத்து வளவை முழங்கால் ஆழத்துக்குக் கிண்டினான். மோட்டர் இல்லை. பிறகு குழாயில், தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் அமுக்கமானியைப் பூட்டினான். ஊருக்கு நீர் விடும் தண்ணீர்த் தாங்கியின் உயரம் இருபத்திரண்டு மீற்றர். குழாயின் நீளத்துக்கும் வளைவுகளுக்கும் உட்சுவரின் உராய்வுக்கும் கழித்துப் பார்த்தால், அந்த வீட்டில் அமுக்கம் ஒரு ‘பார்’ அளவைத் தாண்டக் கூடாது. முள் ஆறில் நின்றது. தாங்கி அறுபது மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் அது நடக்கும். அவன் மூன்று தரம் கணக்குப் போட்டான், வேறு மானியும் பூட்டிப் பார்த்தான். அப்போது தேவமலர் ஊன்றுகோலோடு பின்பக்கம் போனார். முன்பக்கக் குழாயில் முள் இறங்கியது, பின்பக்கக் குழாயில் ஏறியது. அவரை முன்னும் பின்னுமாக ஐந்து தரம் நடக்கச் சொல்லி, ஒவ்வொரு அளவையும் அவன் குறித்துக்கொண்டான்.

"அன்ரி, மோட்டர் ஒண்டும் இல்லை. தண்ணி உங்களைப் பாத்துத்தான் வருது."

"நான் கூப்பிடேல்லையே, தம்பி."

"ஓம், அது எனக்குத் தெரியுது."

சோதனையை முழுதாகச் செய்ய வேண்டும் என்று கெல்வின் சொன்னதால், தேவமலரை அவர் உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கி அருளம்பலம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அருளம்பலமும் கதிரையின் ஒரு காலைப் பிடித்தார். உள்ளே அவருடைய மனைவி நல்லம்மா தலையில் சீயாக்காயைத் தேய்த்துவிட்டு ஒரு மணி நேரமாகத் தண்ணீருக்காகக் காத்திருந்தார். கதிரை வாசல் படலையைத் தாண்டியதும் குழாய் இருமியது, பிறகு கொட்டியது. நல்லம்மா குளித்து முடிக்கும்வரை அருளம்பலம் தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

"தங்கச்சி, கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோ. தேத்தண்ணி போடுறம்" என்றார் அருளம்பலம். அடுத்த நாளே முறைப்பாட்டை மீளப் பெற்றார். கையெழுத்து வைத்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, தேவமலரைக் கதிரையோடு தங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலில் போட்ட கட்டை வெட்டும்வரை தேவமலர் ஒரு நாளைக்குப் பத்துப் பதினொரு தேத்தண்ணி குடித்தார், இரண்டு கிலோ கூடினார்.

அந்தக் குழாய்வழியின் கடைசியில் குறுகிய சந்து போன்ற ஓர் ஒழுங்கை இருந்தது. குழாய் பூட்டி இரண்டு வருடமாகியும் அங்கே ஒரு சொட்டும் வந்ததில்லை, காற்று மட்டும் வந்தது. ஆரபி என்ற நிறைமாதப் பெண் தன் வீட்டுக் குழாயில் உடுப்புக் கிளிப் கூடையைத் தொங்கவிட்டிருந்தாள். அந்த ஒழுங்கை வேறொரு குடும்பநல மாதின் பொறுப்பில் இருந்தது. அவர் இடமாற்றம் பெற்றுப் போக, ஆவணி மாதம் அது தேவமலரிடம் வந்தது.

செய்தி அறிந்த கெல்வின், தேவமலர் அங்கே முதல்முறை வரும் நாள் காலையிலேயே போய் ஆரபியின் குழாயில் மானியைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தான். முள் பூச்சியத்தில் கிடந்தது. தேவமலரின் ஸ்கூட்டர் ஒழுங்கைக்குள் திரும்பியதும், திறந்தபடி விட்டிருந்த குழாய்கள் எல்லாம் வீடு வீடாக விசிலடித்தன. இரண்டு வருடக் காற்று வெளியேறக் கால் மணி நேரம் எடுத்தது. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்தது. கெல்வின் "ரெண்டு, ரெண்டரை, மூண்டு" என்று வாசித்தான். ஆட்கள் வாளி தேடப் போகவில்லை, உடுத்த உடுப்போடு குழாய்க்குக் கீழே நின்றார்கள். ஆரபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குக் காட்டினாள். அவளுடைய இரத்த அமுக்கத்தை அளக்க வந்த தேவமலர், கருவிப் பையை உயரத் தூக்கிப் பிடித்தபடி நனைந்து சிரித்துக்கொண்டு நின்றார். தனக்கு நெடுநாளாக இப்படிச் சிரிப்பு வரவில்லை என்று பிறகு சொன்னார். பத்து நாளில் பிறந்த ஆரபியின் மகளை அவர்தான் அந்தக் குழாய்த் தண்ணீரை இளஞ்சூடாக்கி முதலில் குளிக்க வார்த்தார்.

இப்போது கடைசி ஒழுங்கைக்குத் திங்களும் வியாழனும் காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் வருகிறது. கொழும்பிலிருந்து வந்த மேலதிகாரி ஒருவர் அமுக்க வரைபடத்தைப் பார்த்து, அந்த இரண்டு ஏற்றங்களும் ஏன் என்று கேட்டார். கெல்வின் விளக்கினான். அந்த அம்மாவுக்குப் பூரணை விடுமுறையான போயா தினத்தில் லீவா என்று அவர் கேட்டார். லீவுதான் என்றான் கெல்வின். அப்படியானால் போயா திங்களிலோ வியாழனிலோ வந்தால், அதற்கு முந்தின முறை தண்ணீர் வரும்போதே வீட்டுத் தாங்கிகளை நிரப்பி வைக்கும்படி ஒழுங்கையில் சொல்லிவிடுங்கள் என்று சொல்லி, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.