சில்லு இறுகிய காலை

கிட்ட வந்து இருங்கள். கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள், இது குளிர் நாளில் நடந்த கதை. செத்தவீட்டுக் கதை என்று முகத்தைச் சுருக்க வேண்டாம். நடுவில் சிரிப்பு வந்தால் அடக்கவும் வேண்டாம். அன்றைக்கு அந்த வீட்டில் யாராலும் அடக்க முடியவில்லை.

பத்மநாதன் காருக்குள் இருந்தபடி மறுபடியும் ஹான்ட்பிரேக்கை மேலே இழுத்துக் கீழே இறக்கினார். பிடி சொன்னபடி இறங்கியது. கிளச்சை விட்டதும் எஞ்சின் முனகியது, காரின் பின்பக்கம் சற்றுப் பதிந்து எழும்பியது, அவ்வளவுதான். பின் சில்லுகள் இரண்டும் அசையவில்லை. இரவு முழுக்கப் பனியில் நின்றதில் பிரேக் உறைந்து, சில்லுகளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றோராம் ஆண்டு பெப்ரவரி மாதம். லண்டன் இல்ஃபோர்டில் அந்தத் தெரு வீட்டுக்கூரையிலிருந்து குப்பைத் தொட்டி வரை வெள்ளையாய்க் கிடந்தது. காருக்கு முன்னால், எஞ்சின் ஓடியபடி, நீளமான கறுப்பு வண்டி நின்றது. அதற்குள் பூக்களுக்குக் கீழே கணேசலிங்கம் படுத்திருந்தார்.

அவருடைய மகள் தவமலர் வாசல் கேற்றடியில் நின்று சித்தப்பா பத்மநாதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்பிள்ளை இல்லாத அண்ணனுக்குக் கிரியை செய்யவென்று பத்மநாதன் முதல் நாள் பின்னேரமே தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்துவிட்டார். கார் உருண்டுவிடும் என்ற பயத்தில், பிடி இனி வராது என்னும் மட்டும் ஹான்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மற்றச் சனமெல்லாம் பனி ரோட்டுக்குப் பயந்து நேரத்தோடேயே, பிரேதம் எரிக்கிற கிரிமட்டோரியத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே பதினொன்றரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் அடுத்த கிழமைதான்.

தவமலருக்கோ காரைவிட அம்மாவைப் பற்றித்தான் யோசனை.

விடியக்காலை குசினியில் அம்மா கமலாம்பிகை, ஒருவரையும் பாராமல், கழுவிய கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டு, "கடைசி மட்டும் அவரோட போனால் நல்லதெல்லோ, பிள்ளை," என்றிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு வந்த பத்மநாதன், "அண்ணி, எங்கட முறையிலை பொம்பிளையள் கேற்றோட நிக்கிறதுதானே. சுடலைக்கு வாறேல்லை," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அண்ணனுக்குச் செய்வதில் ஒன்றும் பிசகக்கூடாது என்ற பிடிவாதம். தவமலர் வாய் திறக்கப் போக, அம்மா கண்ணால் வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. ஆனால் கேற்றடிக்கு வந்த அம்மா நீளக் கோட்டைப் போட்டிருந்தாள். காலில் சப்பாத்தும் இருந்தது. கேற்றோடு நிற்கிறவளுக்குச் சப்பாத்து எதற்கு?

"சுடுதண்ணி ஊத்தினால் விடும்," என்றார் அடுத்த வீட்டு அருமைநாயகி மாமி.

பத்மநாதன் கார்க் கண்ணாடியை இறக்கினார். "மாமி, பிரேதம் போக முதல் செத்தவீட்டிலை அடுப்பு மூட்டுறேல்லை."

"அடுப்பை ஆர் மூட்டுறது? கேத்திலைப் போடுறன். கரண்டிலை எங்கை தம்பி நெருப்பு?"

"சூடு வருதெல்லோ."

"ஹீற்றரிலையும்தான் சூடு வருது. ராத்திரி அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதானே படுத்தனீர், அப்ப முறை பார்த்தனீரே?"

கறுப்பு வண்டியோடு வந்திருந்த, ஈமச்சடங்கு நிறுவனத்து எட்வேட், உயரத் தொப்பியைக் கையில் பிடித்தபடி தவமலரிடம் வந்து, என்ன விஷயம் என்று மெல்ல விசாரித்தார். "மதம் சம்பந்தமான ஒரு கேள்வி," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் மிகுந்த மரியாதையோடு தலையைக் குனிந்து இரண்டடி பின்னால் போய் நின்றார்.

கேத்திலில் கொதித்த தண்ணீர் வந்தது. மாமி குனிந்து ஒரு சில்லுக்கு ஊற்றினார், சுற்றி வந்து மற்றதற்கும் ஊற்றினார். ஆவி எழும்பி அவரையே மறைத்தது. பத்மநாதன் ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஒரு சில்லு இளகிவிட்டது. மற்றது இளகவில்லை. கார் முன்னே போவதற்குப் பதிலாகப் பின்பக்கத்தை ஒருமுறை ஆட்டிக்கொண்டு திரும்பி, நடைபாதையோரம் குவித்துவைத்த பனிக்குள் போய் வசதியாகச் சாய்ந்துகொண்டது.

பத்மநாதன் கோபத்தோடு இறங்கினார். மாமி ஊற்றிய தண்ணீர் ரோட்டுப் பனியைக் கண்ணாடி போல மினுக்கி வைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. இரண்டு கால்களும் ஒன்றாக முன்னே போயின. வேட்டியும் ஓவர்கோட்டுமாக அவர் நிலத்தில் அமர்ந்து, அமர்ந்தபடியே அவசரமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய், எட்வேட்டின் சப்பாத்தடியில் நின்றார்.

பிறகு விக்கல் போல ஒன்று கேட்டது. தவமலர் திரும்பினாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துப் பிடிக்கப் போனவள், கிட்டப் போனதும்தான் அம்மா சிரிப்பதைக் கண்டாள்.

"அவர் இருந்திருந்தால்..." என்று தொடங்கிய கமலாம்பிகைக்கு மேலே சொல்ல ஏலவில்லை.

"வயிறு வெடிச்சிருக்கும்," என்று மாமி முடித்துவைத்தார்.

"எங்கை," என்றார் பத்மநாதன், எட்வேட்டின் கையைப் பிடித்து எழும்ப முயன்றபடி. "அண்ணை என்னைத் தூக்காமல் கமராவைத் தேடி ஓடியிருப்பார்." சொல்லிவிட்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கிறவருக்கு எழும்ப வருமா? எட்வேட் பாவம், முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பழகியவர். அவருக்கே உதடு துடித்தது. மூக்கைத் துடைக்கிற மாதிரிக் கைக்குட்டையை எடுத்தார்.

பிறகு அந்தக் கைக்குட்டையை மடித்து வைத்து, நேரத்தைக் காட்டினார். இனி நிற்க முடியாது. கறுப்பு வண்டியில் அவரும் பெட்டி தூக்குகிற ஆட்களும்தான், இன்னொருவருக்கு இடம் இல்லை.

"சித்தப்பா, என்ர காரிலை வாங்கோ," என்றாள் தவமலர். எதிர்ப்பக்கத்தில் அவளுடைய சின்னக் கார் நின்றது. குளிர் நாட்களில் அவள் ஹான்ட்பிரேக்கைத் தொடுவதே இல்லை, கியரில் போட்டுவிட்டு வந்துவிடுவாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"உந்தச் சின்னப் பெட்டியிலையோ?"

"உங்கட பெரிய பெட்டி படுத்திட்டுதே, சித்தப்பா."

இரண்டே கதவுள்ள கார். தவமலர் முன் சீட்டை மடித்துப் பிடிக்க, பத்மநாதன் கற்பூரமும் பூவும் வைத்த தட்டோடு பின்னுக்குப் புகுந்தார். முழங்கால் நாடியில் முட்டியது. தட்டை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அவள் சீட்டை நிமிர்த்தினாள். கதவைச் சாத்தவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

கமலாம்பிகை வந்து முன் சீட்டில் அமர்ந்தாள். கதவைச் சாத்தினாள். பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.

"அண்ணி?" என்றது பின்னாலிருந்து.

கமலாம்பிகை மடியில் கோட்டைச் சரிசெய்தாள்.

"அண்ணி, காலமை கதைச்சனாங்கள் எல்லோ."

"ஓம் தம்பி. இறக்கிவிடுறதெண்டால் விடுங்கோ," என்றாள் கமலாம்பிகை, முன்னாலேயே பார்த்துக்கொண்டு. "ஆனால் நீங்கள் இறங்கித்தான் என்னை இறக்க வேணும். நான் இறங்காமல் நீங்கள் இறங்க ஏலாது."

பத்மநாதன் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் திறக்காத கண்ணாடி. தவமலரும் ஏறிவிட்டாள், கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கேற்றடியில் வீடு கழுவத் தும்புத்தடியோடு நின்ற மாமி, போயிட்டு வாங்கோ என்று சொல்ல வாயைத் திறந்து, செத்தவீட்டில் அப்படிச் சொல்லக்கூடாதென்ற நினைவு வர மூடிக்கொண்டு, கையை மட்டும் உயர்த்தினார்.

கறுப்பு வண்டி மெல்லப் போனது. பின்னால் இவர்கள். கமலாம்பிகை காலடியைப் பார்த்தாள். விரிப்பில் ஒரு இடம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. கணேசலிங்கம் கடைசிவரை லைசன்ஸ் எடுக்கவில்லை. மகள் ஓட்ட, பக்கத்தில் இருந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

"சோதனைக்குப் போய்ப் போய், கடைசியிலை சோதிக்கிற வெள்ளைக்காரன் உங்கட தோட்டத்துத் தக்காளி காய்ச்சுதோ எண்டு அண்ணையைக் கேட்கிற அளவுக்கு வந்திட்டுது," என்றார் பத்மநாதன், தட்டுக்கு மேலாக.

"காய்ச்சதைக் கொண்டுபோயும் குடுத்தவர்," என்றாள் கமலாம்பிகை. "அதுக்குப் பிறகும் பெயில்தான்."

மூவரும் சிரித்தார்கள். வளைவில் கார் சற்று வழுக்கியது. அம்மாவின் கால் தானாக விரிப்பை மிதித்தது. "மெல்ல, பிள்ளை," என்றாள். தவமலருக்கு முன் கண்ணாடி மங்கியது. வைப்பரைப் போட்டாள். மங்கல் கண்ணாடியில் இல்லை.

கிரிமட்டோரியத்தில் கறுப்பு வண்டிக்குப் பின்னால் நிறுத்தினாள். கமலாம்பிகை இறங்கி, தானே சீட்டை மடித்துப் பிடித்தாள். தட்டு முதலில் வந்தது, தவமலர் வாங்கிக்கொண்டாள். பிறகு பத்மநாதன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். மடங்கியிருந்த கால்கள் மரத்துவிட்டன. முன்னால் பனி மூடிய படிகள். அவர் படிகளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். கமலாம்பிகை முழங்கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார்.

இருவரும் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். மேலே எட்வேட் ஒரு கதவை மட்டும் திறந்து பிடித்திருந்தார். இவர்கள் சேர்ந்து வருவதைக் கண்டதும், மற்றக் கதவையும் திறந்தார்.

கேட்டிருந்த உங்கள் வீட்டிலும் வழுக்குகிற இடத்தில் கை கொடுக்க ஆள் குறையாமல் இருக்கட்டும். அடுப்பும் விளக்கும் கலகலப்புமாய், பிள்ளைகுட்டிகளோடு நெடுங்காலம் சுகமாய் இருங்கள்.