துரு ஏறிய துண்டு

பஸ் சீட்டின் அடிச்சட்டம் செய்கிற கம்பெனி எங்களுடையது. மேலே அலுமினியத் தகடு, கீழே இரும்பு. இரண்டும் வெல்டிங்குக்கு ஒத்துவராது. மெஷின் ரிவெட் ஆணியை அடித்து இறக்கும். அது மேல்தகட்டைத் துளைத்து, கீழ்த்தகட்டுக்குள் காலை விரித்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததா என்பது வெளியே தெரியாது. அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் முதலில் அடிக்கிற துண்டை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் மாட்டி, கம்பியால் நெம்பிக் கிழித்து, தரம் பார்க்கிற என்னிடம் கொண்டுவர வேண்டும்.

"மேடம், துண்டு," என்று வைத்தாள் மூன்றாம் மெஷினை ஓட்டுகிறவள். என் அம்மா. நான் டிகிரி முடித்து இங்கே சேர்ந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள், பாதி நக்கலாக.

கிழிந்த ஓரத்தில் துரு இருந்தது. இப்போது கிழித்த இரும்பில் ஏது துரு?

"இது எப்ப கிழிச்சது?"

"கிழிச்சதைத்தானே கேட்டே? கிழிஞ்சிருக்குல்ல."

"அம்மா!"

"தோள் தூக்க வரமாட்டேங்குதுடி. ஃபோர்மேன்கிட்ட சொன்னேன். பழசையே காட்டுன்னுட்டார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைய துண்டை நானே நெம்பினேன். ஒரு ரிவெட்கூடக் காலை விரிக்கவில்லை. பால்பல் போல உதிர்ந்தன. காலையிலிருந்து அடித்த சட்டம் அத்தனைக்கும், வெளியே அனுப்பக் கூடாது என்கிற சிவப்பு அட்டை மாட்டினேன்.

ஃபோர்மேன் வந்து என் காதருகே குனிந்தார். "அட்டையைக் கழட்டிடும்மா. உங்கம்மா வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

"இதுல உக்கார்றவங்களுக்கு யாரு சார் பொறுப்பு?"

அவர் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். "யாரு பழைய துண்டைக் காட்டினது? கையைத் தூக்குங்க!"

"நீங்கதானே காட்டச் சொன்னீங்க?" என்றேன்.

"நானா? யாராவது கேட்டீங்களா?"

மெஷின்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அம்மா கையைத் தூக்கினாள். தோளுயரத்தோடு நின்றுவிட்டது.

"இவ்வளவுதான் சார் போகுது. அன்னைக்கும் இதைத்தான் உங்ககிட்ட காட்டினேன்."

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்," என்றார் அம்மாவிடம்.

நான் அட்டையைக் கழற்றவில்லை. அம்மாவும் கழற்றச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்காருவதற்கு முன் சீட்டைப் பிடித்து ஆட்டினேன்.

"உக்காருடி மேடம். ஆடுச்சுன்னா நின்னுக்கிட்டா வரப்போறே?"

உட்கார்ந்தேன். அவள் வலிக்காத கையால் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் மெஷினுக்கு வேற ஆள் வருவாங்கல்ல?"

"வருவாங்க."

"வைஸைக் கொஞ்சம் இறக்கி மாட்டச் சொல்லு. அது உசரம். எத்தனை தடவை சொன்னேன், ஒருத்தனும் இறக்கல."