காகோயாவின் முதுகுக்குப் பின்னால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. செத்துப்போன என் தம்பியின் வயல் எனக்கே சேரும் என்று நான் எழுதிக் கொண்டுபோன தாளில், எங்கள் ஊர் சேர்மன் காகோயா முத்திரை குத்த மறுத்தார். மூன்று தடவை மறுத்தார். அந்த வயலில்தான் தம்பி பெண்டாட்டி நைகாகா மக்காச்சோளம் போட்டு இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறாள். (நான் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. இந்த வரியை அடித்துவிட நினைத்தேன், கிடக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "இருபத்தாறு வருஷம் ஊருக்காக உழைத்த காகோயா, அன்று காலை..." வேண்டாம். இரங்கல் கூட்டத்தில் வாசிப்பதுபோல இருக்கிறது.

இன்னொன்று: "ஊற்றுக்குச் சுவர் எழுப்பியவர், காலரா வந்த வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி..." இதுவும் வேண்டாம். அவர் செய்ததை அடுக்க அடுக்க, நான் செய்யப்போனது இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது. நேரே தேர்தலுக்குப் போய்விடலாம்.

3

எங்கள் ஊரில் சீட்டும் பெட்டியும் கிடையாது. போட்டியிடுகிறவர்கள் மாமரத்தடியில் நிற்பார்கள். யார் வேண்டுமோ அவர் பின்னால் போய் வரிசையில் நிற்கவேண்டும். போட்டியிடுகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது.* காகோயாவை எதிர்த்துப் பக்கத்தில் நின்றவன் கரும்பு லாரி வைத்திருக்கும் மகும்பா. ஜெயித்த மறுநாளே என் தாளில் முத்திரை விழும் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

காகோயாவுக்கு அறுபத்தெட்டு வயது. கண் மங்கிவிட்டது, காது மங்கவில்லை. யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று நடக்கிற சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது. (உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். பொறுங்கள்.) ஒரு ஊன்றுகோல் மகும்பா பக்கம் போனது. ஆஸ்பத்திரியில் சண்டைபோட்டு அந்தக் கோலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். முத்திரை இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தோற்றால் சாயங்காலத்துக்குள் அதை மகும்பாவிடம் ஒப்படைக்கவேண்டும். அப்புறம் நைகாகாவின் வயல் போனது போனதுதான்.

தேர்தல் அதிகாரி ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணினார். இந்தப் பக்கம் அறுபத்தொன்று. அந்தப் பக்கமும் அறுபத்தொன்று.

"இன்னும் யாராவது நிக்காம இருக்கீங்களா?"

* போட்டியிடுகிறவர்கள் முறைத்தே ஆளை இழுத்துவிடுகிறார்கள் என்று வந்த விதி. கொண்டுவந்ததே காகோயாதான்.

4

இருந்தது நான்தான். இரண்டு வரிசைக்கும் நடுவே வெயிலில். காகோயா வரிசையின் கடைசியில் நின்ற நைகாகா என் முகத்தையே பார்த்தாள். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். இழுத்து வைக்கும் என் இடதுகால் சத்தம் முன்னால் வரைக்கும் கேட்டிருக்கிறது.

"டென்யுவாதானே? எங்க வேணா நில்லுப்பா. வெயில்ல நிக்காத, உனக்குப் பிரஷர் இருக்கு."

(எப்படித் தெரியும் என்றீர்களே, இப்படித்தான்.) காகோயா திரும்பவில்லை. அவர் சொன்னது என்னைத் தன் பக்கம் பிடித்துவைக்கிற சாமர்த்தியமா, வெறும் அக்கறையா? ஏழு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை.

5

ஒரு முடிவு: நான் அவர் பின்னால் போய் நிற்கிறேன், ஊர் கைதட்டுகிறது. என்னை நல்லவனாக்க நானே எழுதிக்கொண்டது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று: மகும்பா பின்னால் போகிறேன். அடுத்த வாரம் நைகாகா சட்டிபானையைத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளும் பின்னால்... எழுதக் கை வரவில்லை.

அந்த வயலில் இப்போதும் மக்காச்சோளம் நிற்கிறது. யார் விதைத்தது என்று சொல்லமாட்டேன். என் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று. நைகாகா பார்த்துக்கொண்டிருக்கிறாள். காகோயா திரும்பிப் பார்க்கமாட்டார்.

நடங்கள்.