இடம் பிடித்து வைத்த படம்

ஆய்வுப் பத்திரிகையிலிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. கட்டுரையின் மூன்றாவது படமும் ஐந்தாவது படமும் ஓரத்துக் கறை உட்பட ஒன்றேதான். விளக்கம் கேட்டிருந்தார்கள். ரலிட்சா இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ப்ளோவ்டிவ் நகரத்தில் இருந்த அவளுடைய ஆய்வகத்தில் ஒரு பழக்கம். கட்டுரை எழுதும்போது, இன்னும் செய்யாத சோதனைக்கான கட்டத்தில் ஏதாவது பழைய படத்தை ஒட்டி வைப்பார்கள், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. ஐந்தாவது கட்டத்தில் ஒட்டியது ரலிட்சாதான். அப்புறம் மாற்றலாம் என்று இருந்தாள். வேறு வேலை வந்தது, மறந்தாள், கட்டுரை போய்விட்டது. அச்சில் வந்த அன்று ஊர் வழக்கப்படி சாக்லேட் பெட்டியோடு அறை அறையாகப் போய் நீட்டினவளும் அவள்தான். நல்ல கூத்து.

கட்டுரையில் முதல் பெயர் அவளுடைய மாணவன் வேலினுடையது. வியாழக்கிழமை அவனுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வெளியான கட்டுரை இல்லாமல் பட்டம் கிடையாது. அவனிடம் இருப்பதோ இது ஒன்றுதான்.

விட்டுப்போன சோதனையை இப்போதாவது செய்வோமென்று உறைபெட்டியிலிருந்த பழைய மாதிரிகளை எடுத்தாள். எல்லா மாதிரியிலும் மொத்தப் புரதத்தை ஒரே அளவு எடுத்துக்கொண்டார்கள் என்று காட்டத்தான் அந்த ஐந்தாவது படம். அளவு ஒன்றாக இல்லை. சோதித்த மருந்தால் ஒரு புரதம் குறைந்ததாக அவர்கள் எழுதியது, மாதிரியைக் குறைத்து எடுத்ததால் வந்த வெறும் அளவுப் பிசகு. கட்டுரையே பொய்யாகிவிட்டது.

நிறுவன இயக்குநர் ஸ்டாமென் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"வியாழன் தாண்டட்டும். பையன் பட்டம் வாங்கிக்கட்டும், அப்புறம் கட்டுரையை வாபஸ் வாங்கு."

"அப்புறம் பட்டத்தையும் சேர்த்துப் பிடுங்குவாங்க சார்."

"உனக்கு நல்லது சொன்னா ஏறாது. சரி, வாபஸ் கடிதத்துல 'கட்டுரை ஆசிரியர்களின் கவனக்குறைவு'ன்னு எழுது. பொதுவா இருக்கட்டும்."

அப்படியே எழுதினாள். வேலினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிக் கடிதத்தைக் காட்டினாள். அவன் நின்றபடியே படித்தான்.

"படத்தை ஒட்டினது யாரு மேடம்?"

"நான்தாம்ப்பா."

"நானும் எத்தனை தடவ படிச்சேன். கண்ணுல படலையே." கடிதத்தில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினான். "ஆனா ஆசிரியர்கள்னு போட்டிருக்கீங்க. முதல் பேரு என்னோடது. எல்லாரும் நான் பண்ணினதாத்தான் நினைப்பாங்க."

அதை அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தும் அப்படியே விட்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தச் சொல்லை அழித்துத் தன் பெயரை எழுதி, அவன் பார்க்கவே பத்திரிகைக்கு அனுப்பினாள்.

வேலின் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினான்.

"எங்கம்மா. வியாழக்கிழமை தேர்வு இல்லைன்னு என்னால சொல்ல முடியாது மேடம். நீங்களே சொல்லிடுங்க."

அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"வேலின்? வியாழக்கிழமை விருந்துக்கு ஆட்டுக்குட்டி சொல்லியாச்சுப்பா. ஸ்மோலியான்லேர்ந்து மாமா வேன்லயே எல்லாரும் வர்றோம். உங்க மேடத்தை என் பக்கத்துலதான் உட்கார வைக்கணும், மறந்துடாதே."

"அம்மா, நான் ரலிட்சா பேசறேன்."

"மேடமா? ஐயோ, நானே உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். சொல்லுங்க மேடம்."